இருபத்திரண்டாவது நிமிஷம்

நூத்தி எண்பது பை நூத்திப் பத்து. மெஷின் பொய் சொல்லுதுன்னு சொன்னேன், அந்த மயக்க டாக்டரம்மா ஃபர்ஹானா கேக்கலை, மறுபடி பட்டையைச் சுத்திக் காத்தடிச்சாங்க, மறுபடி அதே நூத்தி எண்பது. "என்ன சூசை, இருபத்தாறு வருஷமா இதே காலேஜ்ல வேலை பாக்குறீங்க, நீங்களே இப்படிப் பயந்தா எப்படி?"ன்னு சிரிச்சாங்க. ஆமா, வேலை பாக்குறேன், ஆஸ்பத்திரிப் பக்கமா பாத்தேன்? அனாட்டமி டிபார்ட்மென்ட்ல பொணம் தூக்குற அட்டெண்டர் நான், என்கிட்ட வர்ற எவனுக்கும் பிரஷர் பாக்குற வேலை கிடையாது. "இந்த பிரஷரோட உங்களை உள்ள எடுத்தா வம்பு. மாத்திரை தர்றேன், நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுங்க. உங்களுக்கு அடுத்த கேஸை முதல்ல எடுத்துக்கறோம்." சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்பாடான்னு வந்துச்சு எனக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஒரு மணி நேரம். கூரையில வெள்ளைப் பலகை, பலகையில சின்னச் சின்ன ஓட்டை, எண்ண ஆரம்பிச்சா முடியாது, எதிர்ச் சுவத்துல கடியாரம், எட்டு நாப்பது. முதுகுப் பக்கம் நாடா கட்டுற பச்சை அங்கி, உள்ள ஒண்ணும் இல்லை, குளிருது. கையில டிரிப் ஊசி, மணிக்கட்டுல பேரெழுதின பட்டை. இந்தப் பட்டையை நான் எத்தனை பேருக்குக் கட்டியிருப்பேன், ஒருத்தராவது இறுக்கமா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களா. இது இறுக்கமா இருக்கு. சிஸ்டர் ஜெபக்கனியைக் கூப்பிட்டுச் சொல்லலாம். வேண்டாம், வந்தா பிரஷர் பாக்கணும்னு சொல்லும்.

கண்ணை மூடினா, நான் யார்கிட்டயும் சொல்லாத அது வந்து நிக்கிது. மூடாம இருந்தா கடியாரம் நிக்கிது முன்னால. சரி, வேற எதையாவது நினைப்போம், என் பொண்டாட்டி அமலுவை நினைப்போம். அமலோற்பவம் வெளியில பெஞ்சுல உக்காந்து ஜெபமாலையோட நூத்தி ஐம்பத்தி மூணு மணியையும் உருட்டிக்கிட்டிருப்பா, பக்கத்துல உக்காந்திருக்குற பொம்பளைகிட்ட என் முதுகு கதையையும் சொல்லிக்கிட்டிருப்பா, ரெண்டும் ஒரே நேரத்துல வரும் அவளுக்கு. முதுகு போனதுக்கு யாரைக் குத்தம் சொல்றது. உயிரோட இருக்குறவனைத் தூக்கினா அவன் கொஞ்சம் ஒத்துழைப்பான், கழுத்தைப் பிடிச்சுக்குவான், காலை ஊனுவான். இவங்க கனம் முழுக்க நம்ம மேலதான். அதுவும் ஃபிரீசர்ல இருந்து எடுக்குற உடம்பு இன்னும் கனம். இருபத்தாறு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு தூக்கினதுல நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல இருந்த ஜவ்வு சப்பையாப் போச்சுன்னு இளம்பரிதி டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். இடது கால் கட்டைவிரல் எனக்குச் சொந்தமில்லைங்குற மாதிரி இருக்கு இப்ப, மூணு மாசமா. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியறதில்லை. "பின்பக்கம் கிழிச்சுப் பண்ணா ஆறு மாசம் படுக்கணும் சூசை. என்னோட பக்கவாட்டு வழியில பண்ணா மூணாம் நாள் நடக்கலாம். நீ இல்லாம அந்த வழியே வந்திருக்காது. உனக்குத்தான் முதல் மரியாதை. பன்னெண்டு பேருக்குப் பண்ணியாச்சு, ஒருத்தர்கூடக் குறை சொல்லலையேய்யா"ன்னு சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டார். நானும் சிரிச்சேன். நல்லாத்தான் சிரிச்சேன். அந்தப் பன்னெண்டு பேரையும் தூக்கினவன் நான்தானே.

பன்னெண்டு பேரும் தானம் குடுத்தவங்க. மருந்துல ஊறப்போட்ட உடம்பு இந்த ஆராய்ச்சிக்கு ஆகாது, கட்டையாப் போயிடும், அதனால அப்படியே ஃபிரீசர்ல வச்சு, வேணுங்கிறப்ப மூணு நாள் முன்னாடி வெளிய எடுத்து உருக வைக்கணும். உருகிடுச்சான்னு எந்த மெஷினும் சொல்லாது, என் கட்டைவிரல்தான் சொல்லும். தொடையில அமுக்குவேன், அதிரசம் மாவு மாதிரி அமுங்கினா தயார். அப்புறம் இடுப்புக்குக் கீழே கவட்டையில குழாய் சொருகி, பழைய ரத்தத்தைத் தண்ணி விட்டுக் கழுவி, சிவப்புச் சாயத் தண்ணியைப் பம்ப் வச்சு ஓட விடணும். டக்கு டக்கு டக்குன்னு ஓடும், கழுத்துல கை வச்சா நாடி அடிக்கிற மாதிரியே இருக்கும், முதல் தடவை கை வச்சுட்டு நான் மாதாவேன்னு பின்னால போய் விழுந்தேன். எதுக்கு இந்தக் கூத்துன்னா, செத்த உடம்புல கத்தி வழுக்கினா தெரியாது, ரத்தம் பீச்சினாத்தான் தப்புன்னு தெரியும். டாக்டர் முதல் நாளே என்னைக் கூப்பிட்டுத் தோள்ல கை போட்டுச் சொன்னார், "வெட்டுறது என் வேலை, பம்ப் உன் பொறுப்பு. அது ஓடுற வரைக்கும் இவங்க எனக்கு உயிரோட இருக்குற பேஷண்டுதான். நீதான்யா இவங்களுக்கு இதயம்." அன்னிக்கு வீட்டுக்குப் போய் அமலுகிட்ட இதைச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனேன். பெரிய இதயம். கிழிச்சேன்.

சொல்லிடலாம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, இல்லை, அம்பது நிமிஷம், எட்டு அம்பது ஆயிடுச்சு. டாக்டர் உள்ள போறதுக்கு முன்னாடி இந்தப் பக்கமாத்தானே போனார், கழுவின கையைத் தூக்கிக்கிட்டு, "என்ன சூசை, பிரஷரை ஏத்திக்கிட்டியாமே, மாப்பிள்ளை முறுக்கா?"ன்னு கேட்டார். அப்பவே சொல்லியிருக்கலாம். வாயில மாத்திரை இருந்துச்சு. பொய், மாத்திரை கரைஞ்சு போயிடுச்சு அதுக்குள்ள. நேத்து ராத்திரி ரவுண்ட்ஸ் வந்தப்ப சொல்லியிருக்கலாம், கூட எட்டு ஸ்டூடண்டு நின்னாங்க. கையெழுத்துப் போடச் சொன்னப்ப சொல்லியிருக்கலாம். போன வருஷம் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் புத்தகத்துல வந்து, டிபார்ட்மென்டுக்கே லட்டு குடுத்து, கடைசியில நன்றி சொல்ற இடத்துல என் பேரையும் போட்டிருக்கேன் பாருன்னு விரல் வச்சுக் காட்டினாரே, அப்பச் சொல்லியிருக்கணும். லட்டு வாயில இருந்துச்சு. எப்பவும் வாயில என்னமோ இருந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு எனக்கு. பன்னெண்டு உடம்பு, ரத்தக்குழாய்க்குச் சேதம் பூஜ்யம். அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. பூஜ்யம் இல்லை, ஒண்ணு. பன்னெண்டுல ஒண்ணு. பன்னெண்டுல ஒண்ணுன்னா பரவாயில்லைன்னு நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன், பதினோரு தடவை நல்லபடியா வந்திருக்கே, எனக்கும் நல்லபடியா வரும், யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை, வேலையும் போகாது, காலும் சரியாயிடும், டாக்டர் முகத்துல முழிக்கவும் முடியும். நல்ல கணக்கு. பகல்ல நல்லாத்தான் இருக்கும். இங்க வந்து அங்கியைப் போட்டுப் படுத்ததும் நூத்தி எண்பது.

கை வலிக்குது. என்னத்தை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கேன், சாவி. அட ஆமா, ஆட்டோ சாவி. அரசியோட சாவி. அடுத்த கட்டில்ல இருந்த பொம்பளை, மங்கையர்க்கரசியாம், அரசின்னுதான் கூப்பிடுவாங்களாம், நாப்பது வயசு இருக்கும், பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டுது. வந்து படுத்ததுல இருந்து வாய் ஓயலை. "அண்ணே, நீங்க இங்கயே வேலை பாக்குறவங்களாமே, எந்த டிபார்ட்மென்ட்?" அனாட்டமின்னேன். "அப்படின்னா?" படிக்கிற புள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர்ற இடம்னு சொல்லி வச்சேன், வேற என்னத்தைச் சொல்றது ஆப்பரேஷனுக்குப் படுத்திருக்குறவகிட்ட. "அப்ப நீங்க வாத்தியாரா?" இல்லம்மா, வாத்தியாருங்களைத் தூக்கிட்டு வர்றவன்னு சொன்னேன், விளங்காமச் சிரிச்சுச்சு. நகை, சாவி, எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு ஜெபக்கனி வந்து நின்னதும் தலையணைக்கு அடியில இருந்து இந்தச் சாவியை எடுத்து என் கையில திணிச்சுச்சு. சிவப்புக் கயிறு கட்டியிருக்கு. "நீங்க ஸ்டாஃப், உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெளியில எம் புருஷன் நிக்கிறான், அவன் கையில போச்சுன்னா நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள வண்டியை வித்துட்டு வந்துடுவான். முழிச்ச உடனே கேப்பேன், குடுத்துடணும், ஆமா." அப்புறம் திடீர்னு குரலை இறக்கிக்கிட்டு, அதுவரைக்கும் அப்படிப் பேசாத பொம்பளை, "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. டாக்டர் எப்படி? கைராசி உண்டா?"ன்னு கேட்டுச்சு. கைராசிக்காரர்மா, பயப்படாமப் போன்னு சொன்னேன்.

நல்லாத்தானே சொன்னேன். அதுல பொய் என்ன இருக்கு. அந்தப் பொம்பளைக்கு என்ன ஆப்பரேஷனோ, கல்லா இருக்கும், கிட்னியில கல்லு, ஆட்டோ ஓட்டுறவங்க தண்ணி குடிக்க மாட்டாங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடந்து வந்துச்சு, கல்லுக்கும் இடுப்புதான் வலிக்கும். கல்லுன்னா வேற டாக்டர். வேற டாக்டர்னா நம்ம இளம்பரிதி ஏன் கையைத் தூக்கிக்கிட்டு அந்தத் தியேட்டருக்குள்ள போனார். அவர் தியேட்டர் அதுதான். உங்களுக்கு அடுத்த கேஸ்னு சொன்னாங்களே ஃபர்ஹானா டாக்டர், எனக்கு அடுத்த கேஸ்னா அவரோட கேஸ்தானே. சரி, முதுகாவே இருக்கட்டும், முதுகுன்னா பின்பக்கமாப் பண்ணுவாங்க, ஊர் உலகத்துல அப்படித்தான் பண்றாங்க. பக்கவாட்டுல முதல் ஆள் நான்தான், முதல் மரியாதை எனக்குத்தான்னு அவரே சொன்னார். நான்தான் முதல். நான் போகலையே. நான் இங்க படுத்திருக்கேனே. டிராலியில மாத்தும்போது அந்தப் பொம்பளை ஒருக்களிச்சுச்சு, அங்கி விலகுச்சு, நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன், திருப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி, இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, ஊதா மையில, சாய்வா ஒரு கோடு. என்னைவிட அந்தக் கோட்டை எவனுக்குத் தெரியும். பன்னெண்டு பேருக்கும் டாக்டர் சொல்லச் சொல்ல ஸ்கேல் வச்சுப் போட்டவன் நான். எனக்கும் இருக்கு, இந்தா, அங்கியைத் தூக்கினா இருக்கு, அதே சாய்வு. நிழலா இருந்திருக்கும். தழும்பா இருந்திருக்கும். சேசுவே, ஊதா நிறத்துல எங்கய்யா தழும்பு இருக்கும்.

ஒன்பது அஞ்சு. மயக்கம் குடுத்து, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பெல்ட் கட்டி, துணி போத்தி, அதுக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும். கத்தி வச்சிருக்க மாட்டாங்க. வச்சா எனக்குத் தெரியும். கத்தி கையில எடுத்ததும் நாதஸ்வரம் போடச் சொல்லுவார் டாக்டர், எங்க டிபார்ட்மென்ட் ஹால்லயும் அப்படித்தான், செத்தவங்களுக்கு முன்னாடி நின்னு உறுதிமொழி எடுத்து முடிச்சதும் செல்லுல நாதஸ்வரம், கத்திக்கு முகூர்த்தம் பாக்குற ஒரே டாக்டர் இவராத்தான் இருப்பார். இன்னும் கேக்கலை. கேக்காத வரைக்கும் ஒண்ணும் இல்லை. அந்தப் பன்னெண்டு உடம்புல ஏழாம் நம்பருக்கும் நாதஸ்வரம் வாசிச்சுச்சு அன்னிக்கு. பதினெட்டு நிமிஷம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காப் போச்சு, பம்ப் டக்கு டக்குன்னு ஓடுச்சு. ஏழாம் நம்பர் அம்மா பேரு கோமளவல்லி, டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, எழுபத்தி ஒண்ணு. கவட்டையில குழாய் போட்ட இடம் ஒழுக ஆரம்பிச்சுது. புதுசாப் போட்ட வெள்ளைத் தரை, சிவப்புச் சாயம், டீன் அன்னிக்குத்தான் பெரிய மனுஷங்க நாலு பேரைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கிட்டு வர்றார், வாசல் வரைக்கும் வந்தாச்சு, குரல் கேக்குது. எனக்கு முதுகு வெட்டி வெட்டி இழுக்குது. சட்டுனு பம்ப்பை நிறுத்திட்டேன். ரெண்டு நிமிஷத்துல கிளிப்பை இறுக்கிட்டு மறுபடி போட்டுடலாம்னுதான். குனிஞ்சு தரையைத் துடைச்சேன், குனிஞ்சவன் நிமிர முடியலை, அவ்வளவுதான், உயிர் போச்சு, பின்கதவு வழியா வெளியில போய் வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்தேன். ஆப்பரேஷனைப் படம் பிடிக்க வந்த கேமராக்காரன் சத்தமா விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தான், பம்ப் சத்தம் நின்னதை ஒருத்தரும் கவனிக்கலை. நான் உக்காந்திருந்தேன். எனக்குக் கண்ணு சொக்குச்சு. கை தட்டுற சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்.

உள்ள போனா டாக்டர் முகம் பூரிச்சுப் போயிருக்கு. "பாத்தீங்களா? தசையைப் பின்னால இழுத்தாச்சு, இந்த இடத்துலதான் எல்லாரும் பயப்படுவாங்க. ஒரு சொட்டு. ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா?" வரலை. எல்லாரும் தட்டினாங்க, டீன் தட்டினார், நானும் தட்டினேன்னு நினைக்கிறேன். மதியம் சாப்பிட எல்லாரும் போனதும் தனியா நின்னு பம்ப்பைப் போட்டேன். ஏன் போட்டேன். போடாம இருந்திருந்தா ஒண்ணும் தெரியாமப் போயிருக்கும், நிம்மதியாச் செத்திருப்பேன். டக்கு டக்குன்னு நாலு தடவை அடிச்சுது, அஞ்சாவது அடிக்கு அந்த அம்மா விலாப்பக்கம், உள்ள இருந்து, சிவப்பா பொங்கிக்கிட்டு வந்துச்சு. எலும்பை ஒட்டி ஓடுற சின்ன ரத்தக்குழாய், தசையை ஒதுக்குற கொக்கியைப் போட்டு இழுக்குறப்ப அறுந்திருக்கு, அறுந்து தசைக்குப் பின்னாடி சுருண்டு போயிருக்கு. வெளியில பாத்தாத் தெரியாது. விரலை விட்டுத் தேடினேன், கைக்கு அகப்படலை. அந்த அம்மா செத்தும் சொல்லிட்டாங்க, இந்தா பாருடா இங்க வெட்டுப்பட்டிருக்குடான்னு, அதுக்குத்தானே உடம்பையே எழுதி வச்சுட்டுப் போனாங்க. நான் என்ன பண்ணேன், பம்ப்பை நிறுத்தினேன், பஞ்சை வச்சு அடைச்சேன், நெருக்கமாத் தச்சேன். நல்ல தையல். அதை டாக்டர்கூடப் பாராட்டினார். ஆறு மாசம் கழிச்சு அவங்க மகன் சாம்பல் வாங்க வந்து, வாசல்ல நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டார், "அம்மாவால ஏதாச்சும் பிரயோஜனம் இருந்துச்சுங்களா?" ரொம்பப் பிரயோஜனம் சார்னு சொன்னேன். அந்த மனுஷன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதார். கைராசிக்காரர்மா, பயப்படாமப் போ. ரெண்டும் இதே வாய்தான்.

நாதஸ்வரம். கேக்குது. இல்லை, வெளியில யாரோட செல்லோ. இல்லை, உள்ளதான். மணி என்ன, ஒன்பது இருபது. ஆரம்பிச்சுது எப்பன்னு தெரியலையே, நான் ஏழாம் நம்பர் நினைப்புல கிடந்தேன், ஒன்பது பதினஞ்சா, பதினேழா. தோலுக்கு ரெண்டு நிமிஷம், மூணு அடுக்குத் தசைக்குப் பத்து நிமிஷம், குடலை முன்னால ஒதுக்க அஞ்சு நிமிஷம், கொக்கியைப் பதமாப் போட இன்னொரு அஞ்சு, அப்புறம் இழுக்குறது. பன்னெண்டு பேருக்கும் ஹால்ல இருந்த வெள்ளைப் பலகையில நிமிஷம் எழுதினவன் நான்தான், ஏழாம் நம்பருக்கு மட்டும் ஸ்டூடண்டு எழுதியிருந்தான், கொக்கி இழுக்குறது இருபத்திரண்டாவது நிமிஷம். நிமிஷம் ஒண்ணு முன்னப்பின்ன ஆகும், கை அவ்வளவு நிதானம் அவருக்கு. ஒன்பது பதினஞ்சுன்னா ஒன்பது முப்பத்தேழு. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகாது. பதினோரு பேருக்கு ஆகலை. பன்னெண்டுல ஒண்ணுதான். அந்த ஒண்ணுலயும் அந்தம்மா வயசானவங்க, குழாய் இத்துப் போயிருக்கும், இது நாப்பது வயசு, திடகாத்திரம், ஆட்டோ ஓட்டுற உடம்பு. அறுந்தாலும் ரத்தம் பீச்சும்ல, தெரிஞ்சுக்குவார்ல, பெரிய டாக்டர் இல்லையா அவர். சுருண்டு போயிடுச்சே அது. விரலுக்கு அகப்படலையே. உள்ளயே கசிஞ்சுக்கிட்டே இருந்து, தையல் போட்டு, வார்டுக்கு அனுப்பி, மதியம் மூணு மணிக்கு முகம் வெளுத்து, அதுக்கு அப்புறம் அந்த உடம்பை எங்க டிபார்ட்மென்டுக்கே தானமாக் குடுத்தா நான்தான் தூக்கணும். சீ, என்ன மனசு இது. நான் உள்ள போயிருக்கணும். நூத்தி எண்பது இல்லைன்னா நான் போயிருப்பேன், எனக்கு அறுந்திருந்தா செஞ்ச பாவத்துக்கு அதுன்னு கிடந்துடலாம். அந்தப் பொம்பளை என்ன பண்ணுச்சு. சாவியைக் குடுத்துச்சு. கைராசி உண்டான்னு கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சே எனக்கு, அந்த டிராலி போறப்ப, தூ.

ஒன்பது இருபத்தெட்டு. எந்திரிச்சுட்டேனா. எந்திரிச்சுத்தான் உக்காந்திருக்கேன். காலைத் தொங்கப் போட்டாத் தரை ஐஸா இருக்கு, வலது கால் சொல்லுது, இடது கால் ஒண்ணும் சொல்லலை. டிரிப் பாட்டில் கம்பியோட வருது, சக்கரம் கிறீச்சுங்குது. "சூசையண்ணே! அண்ணே, என்ன இது, எங்க போறீங்க, பாத்ரூமா? நான் வர்றேன் நில்லுங்க!" ஜெபக்கனி. பின்னால அங்கி தொறந்து கிடக்கும், கிடக்கட்டும், யாரு பாத்தா என்ன. தியேட்டர் கதவு பதினஞ்சு அடி இருக்கும், பதினஞ்சு அடி எனக்கு ஊரைச் சுத்தி வர்ற மாதிரி இருக்கு, இடது பாதம் தரையில தேயுது. சிவப்புக் கோடு போட்டிருக்கு, இதுக்கு மேல செருப்பு போட்டு வரக் கூடாது, செருப்பு எங்க, நான் போடவே இல்லை. "அண்ணே, உள்ள கேஸ் நடக்குது, பைத்தியம் பிடிச்சுடுச்சா உங்களுக்கு?" ஆமாம்மா, பிடிச்சுடுச்சு, விடு கையை. இப்பவும் திரும்பிடலாம். பாத்ரூம்னு சொல்லிட்டுத் திரும்பிடலாம், பன்னெண்டுல ஒண்ணுதானே. நான் சொன்னா என்ன ஆகும், வேலை போகும், அமலு தலையில அடிச்சுக்குவா, அவர் புத்தகத்துல போட்டது பொய்யாகும், இருபத்தாறு வருஷம் சூசை சூசைன்னு கூப்பிட்ட மனுஷன் என்னைப் பாக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவார். வாயில ஒண்ணும் இல்லை இப்ப. கதவைத் தள்ளினேன்.

"யாரு அது? கதவை மூடுங்க!" நாதஸ்வரம் இங்க சத்தமா இருக்கு. வெளிச்சம் கண்ணைக் குத்துது. பச்சைத் துணிக்கு நடுவுல ஒரு சின்னச் சதுரம், அதுக்குள்ள சிவப்பு, அது சாயம் இல்லை. "சார், நான் சூசை. ஏழாம் நம்பருக்குப் பம்ப் ஓடலை சார்." டாக்டர் நிமிரலை. "சூசை, உனக்கு மருந்து வேலை செய்யுது, போய்ப் படு. யாராவது கூட்டிக்கிட்டுப் போங்கய்யா." "ஓடலை சார். ஒழுகுச்சுன்னு நான்தான் நிறுத்தினேன். நீங்க ஒரு சொட்டு வரலைன்னு சொன்னீங்களே, அப்ப பம்ப் நின்னு போயிருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல போட்டுப் பாத்தேன், பொங்குச்சு சார். எலும்பை ஒட்டி ஓடுற குழாய் அறுந்திருந்துச்சு, சுருண்டு உள்ள போயிடுச்சு. அடைச்சுத் தச்சுட்டேன்." "பாட்டை நிறுத்துங்க"ன்னார் டாக்டர். நாதஸ்வரம் நின்னதும் அதுக்கு அடியில இருந்த சத்தம் மேல வந்துச்சு, டிக், டிக், டிக்னு மானிட்டர். இத்தனை நேரமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அவர் திரும்பி என்னைப் பாத்தார், முகமூடிக்கு மேல கண்ணு மட்டும், அந்தக் கண்ணை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்லை. "எந்த இடத்துல?" நான் அங்கியைத் தூக்கி என் விலாவுல, என் ஊதாக் கோட்டுல விரல் வச்சேன். "இங்கதான் சார், கொக்கி நுனி படுற இடத்துக்குக் கீழ, பின்பக்கமா, ரெண்டு விரல்கடை." ரெண்டு விரல்கடைன்னேன், யாரோட விரல்ல, கோமளவல்லி அம்மா ஒல்லி, நான் பருமன், மேஜையில படுத்திருக்குறது எப்படின்னு நான் பாக்கக்கூட இல்லை. "கொக்கி போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு. இழுக்கலை." குரல் அவருதுதான், ஆனா ரொம்பச் சின்னதா இருந்துச்சு. கொக்கி அவர் கையில, கை அப்படியே நிக்கிது, நிதானமான கை. ஃபர்ஹானா டாக்டர் மானிட்டரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி மானிட்டரைப் பாத்தாங்க. "இத்தனை நாள் ஏன்யா சொல்லலை?" "பயமா இருந்துச்சு சார்." கொக்கியை அவர் ஒரு நூல் அளவு ஒரு நூல் அளவா வெளிய எடுத்தார், எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் எண்ணினேன், அம்பத்தி மூணு டிக். அப்புறம் "லைட்டைப் பின்னால திருப்புங்க. ரெண்டு யூனிட் ரத்தம் வரச் சொல்லுங்க, கையில இருக்கட்டும். அந்தக் குழாயைக் கண்ணால பாக்காம நான் எதையும் இழுக்க மாட்டேன்"னார். குனிஞ்சார். ஜெபக்கனி என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு. "அவனை விடுங்க"ன்னார் குனிஞ்சபடியே. "அங்கயே நில்லு சூசை. போகாதே. நான் கேக்குறப்ப இடம் சொல்லு." நிக்கிறேன். சிவப்புக் கோட்டைத் தாண்டி, வலது கால்ல நிக்கிறேன். மணி ஒன்பது முப்பத்தி நாலு. டிக், டிக், டிக். இதை நிறுத்துறதுக்கு எங்கிட்ட ஸ்விட்ச் இல்லை, ஓட வைக்கிறதுக்கும் இல்லை. மேஜைப் பக்கம் என்னமோ சொல்றாங்க, சரியாக் கேக்கலை, இன்னும் கொஞ்சம் பஞ்சு குடுங்கன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. கையை விரிச்சுப் பாத்தேன், சாவி பதிஞ்சு உள்ளங்கையில பள்ளம் விழுந்திருக்கு. மறுபடி மூடிக்கிட்டேன். முழிச்ச உடனே கேப்பேன்னு சொல்லியிருக்கு.